மருத்துவ வேதியியல் ஆய்விதழுக்கு முதல் கட்டுரை அனுப்புவது எப்படி?

என் முதல் கட்டுரை அனுப்பிய இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது. மதிப்பாய்வாளர்களிடம் போகவே இல்லை. ஆசிரியரின் மேசையோடு சரி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை இரண்டு கருவிகளில் அளந்து, இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தேன். ஒட்டுறவுக் கெழு (கோரிலேஷன்) 0.99 என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தேன். பதில் மூன்றே வரி. இந்தக் கெழுவை வைத்து இரண்டு கருவிகளும் ஒரே விடையைத் தருவதாகச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். அன்று கோபம் வந்தது. இன்று புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அதே மூன்று வரியைத்தான் நான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எம்.டி. உயிர்வேதியியல் படிப்பவர்கள், எம்.எஸ்சி. முடித்துவிட்டு மருத்துவமனை லேப்பில் வேலை பார்ப்பவர்கள், பல வருடம் கருவியோடு பழகிய டெக்னாலஜிஸ்டுகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் லேப்பில் பெரிய கருவிகள் இல்லாமல் இருக்கலாம். மருத்துவ வேதியியல், அதாவது ரத்தம் போன்ற நோயாளி மாதிரிகளைப் பரிசோதிக்கும் இந்தத் துறையின் ஆய்விதழ்கள் முதலில் கேட்பது எப்படி அளந்தீர்கள் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லச் சிறிய லேப்பே போதும்.

முதலில், எந்த இதழ் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவிலிருந்து 1955 முதல் வரும் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி' இத்துறையின் மூத்த இதழ்களில் ஒன்று. எல்.டி.எல். கொழுப்பைக் கணக்கிட நாம் தினமும் பயன்படுத்தும் ஃப்ரீட்வால்ட் சூத்திரம் 1972-இல் அதில்தான் வந்தது. தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தில் பார்க்கும் வெஸ்ட்கார்ட் விதிகளும் 1981-இல் அதில்தான் வந்தன. இந்தியாவில் மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தின் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி' இருக்கிறது. முதல் முயற்சிக்கு அது நல்ல இடம்.

நான் விரும்பிப் படிப்பது 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி அண்ட் லேபரட்டரி மெடிசின்'. சுருக்கமாக சி.சி.எல்.எம். பெர்லினின் டி க்ரூய்டர் (இன்று டி க்ரூய்டர் பிரில்) பதிப்பகம் வெளியிடுகிறது. ஐரோப்பியச் சோதனைக்கூட மருத்துவக் கூட்டமைப்பின் அதிகாரபூர்வ இதழும் இதுவே. இதன் பிறப்பு 1963-இல், ஜெர்மன் மொழிப் பெயரோடு. 1976-இல் ஆங்கிலத்துக்கு மாறி 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் கெமிஸ்ட்ரி அண்ட் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி' ஆனது. 1991-இல் 'யூரோப்பியன்' என்ற சொல் முன்னால் ஒட்டிக்கொண்டது. இப்போதைய பெயர் 1998-இல் வந்தது. இந்தப் பெயர் மாற்றத்தை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய கட்டுரையை இன்றைய பெயரில் தேடி ஏமாறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கருவி ஒப்பீட்டில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பாசிங், பாப்லோக் கட்டுரை இதே இதழில் 1983-இல் வந்ததுதான். ஆனால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் பழைய பெயரில்தான் கிடைக்கும்.

இதழைத் தேர்ந்த பிறகு, உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஐந்து கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு, முறைப் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். எத்தனை மாதிரி, எந்தக் குழாய், எத்தனை நாள், எந்தக் கருவி, கன்ட்ரோல் (கருவியைச் சரிபார்க்க ஓட்டும், அளவு தெரிந்த மாதிரி) எத்தனை நிலை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு வரும்போது, மதிப்பாய்வாளர் உங்களிடம் என்னவெல்லாம் கேட்பார் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.

கேள்வி உங்கள் லேப்பில்தான் கிடக்கிறது

புதிய உயிர்க்குறியீடு, புற்றுநோய், மரபணு என்று தேடிப் போக வேண்டாம். காலையில் ரிப்போர்ட் சரிபார்க்கும்போது உங்களை நெற்றி சுருங்க வைப்பது எதுவோ அதை எடுங்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். பொட்டாசியம் 9. கால்சியம் 4. நோயாளி படியேறி வந்து ரிப்போர்ட் கேட்டுக்கொண்டு நிற்கிறார். இந்த எண்கள் உண்மையாக இருந்தால் அவர் நிற்கவே முடியாது. நடந்தது என்னவென்றால், ரத்தம் எடுத்தவர் ஊதா மூடிக் குழாயில் முதலில் நிரப்பியிருக்கிறார். சீரம் குழாயில் ரத்தம் குறைவாக இருந்ததால், ஊதாவிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிச் சரிசெய்துவிட்டார். ஊதாக் குழாயில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இ.டி.டி.ஏ. அதிலுள்ள பொட்டாசியம் அளவை ஏற்றிவிட்டது, இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் சரிந்திருக்கும், எடுத்துப் பாருங்கள்.

மூன்று மாதத்தில் உங்கள் லேப்புக்கு இப்படி எத்தனை மாதிரிகள் வந்தன? எந்த வார்டிலிருந்து? குழாய்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்று ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்த பிறகு எண்ணிக்கை குறைந்ததா? இது ஒரு முழுமையான ஆய்வுக் கேள்வி. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இத்தாலியின் பதுவா நகரில் மாரியோ பிளெபானியும் கர்ராரோவும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். 40,490 பரிசோதனைகளில் 189 பிழைகள் கண்டார்கள். அவற்றில் 68.2 சதவீதம் மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நடந்தவை. கருவியில் நடந்தவை 13.3 சதவீதம்தான். பிளெபானிதான் பின்னாளில் சி.சி.எல்.எம். இதழின் தலைமை ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். ரத்தம் எடுக்கும் ஊசி முனையில் நடக்கும் தவறுகளுக்கு அந்த இதழ் இவ்வளவு பக்கங்கள் ஒதுக்குவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நெறிமுறைக் குழு: பிறகு அல்ல, இப்போதே

தரவெல்லாம் சேர்த்து, கட்டுரையும் எழுதிவிட்டு, 'அனுமதி எண்' என்ற கட்டத்துக்கு வந்ததும் விழிப்பவர்கள் ஏராளம். பின் தேதியிட்டு அனுமதி தரும் குழு நல்ல குழுவாக இருக்காது. பரிசோதனை முடிந்து எஞ்சிய மாதிரியைத்தானே பயன்படுத்துகிறோம், இதற்கென்ன அனுமதி என்று நினைக்கலாம். பெயரும் அடையாளமும் நீக்கிய எஞ்சிய மாதிரிகளுக்கு, நோயாளியின் ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்குத் தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. ஆனால் விலக்குத் தருவது குழுவின் வேலை. அதை நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது.

அளவிடுதல்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். கிரியேட்டினினையே எடுத்துக்கொள்கிறேன், என் பழைய தோல்வி அங்கேதானே தொடங்கியது.

பல லேப்களில் இன்றும் ஓடுவது யாஃபே முறை. கோனிக்ஸ்பெர்க் நகரின் மேக்ஸ் யாஃபே 1886-இல் கண்ட வினை அது. காரத்தில் கிரியேட்டினினும் பிக்ரிக் அமிலமும் சேர்ந்தால் செம்மஞ்சள் நிறம் வரும். மலிவானது, வேகமானது. ஆனால் அந்த நிறத்தைக் கொடுக்க கிரியேட்டினின் மட்டுமல்ல, சீரத்தின் புரதமும் கொஞ்சம் கை கொடுக்கும். நீரிழிவு முற்றியவரின் கீட்டோன்கள் அளவை ஏற்றும். மஞ்சள் காமாலைக்காரரின் பிலிரூபின் இறக்கும். நொதி முறைக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. விலைதான் அதிகம்.

உங்கள் மருத்துவமனை யாஃபேயிலிருந்து நொதி முறைக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒப்பிட்டு எழுத நல்ல சமயம்.

முதலில், ஒவ்வொரு முறையும் தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். லேப் தரநிலைகள் வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் இ.பி.15 ஆவணம் இதற்கு எளிய வழி தருகிறது. ஒரே மாதிரியை நாளொன்றுக்கு ஐந்து முறை வீதம் ஐந்து நாள் ஓட்டுங்கள். ஒரு நிலைக்கு 25 விடைகள். குறைந்தது இரண்டு நிலைகள் வேண்டும்: ஒன்று இயல்பளவை ஒட்டி, மற்றது உயர்ந்ததாக. ஒரே மதியத்தில் 25 தடவை ஓட்டிவிட்டு ஐந்து நாள் என்று எழுதும் ஆசை வரும். வேண்டாம். நாள் மாறும்போது வரும் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கத்தானே ஐந்து நாள்? அந்த ஏற்ற இறக்கம் இல்லாத தரவு பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஒப்பீடு. குறைந்தது 40 நோயாளிகளின் மாதிரிகள். வெளிநோயாளிப் பிரிவில் வந்த முதல் 40 பேரை எடுத்தால் எல்லாம் டெசிலிட்டருக்கு 0.7-க்கும் 1.1 மில்லிகிராமுக்கும் இடையில் வந்து குவிந்துவிடும். 0.5-லிருந்து 10 வரை பரவியிருக்கும்படி பொறுக்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவுக்கு நடையாக நடங்கள். ஒரு மாதிரியை இரண்டு கருவிகளிலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். காமாலை மாதிரிகளை விலக்கினால் விலக்கியதாக எழுதுங்கள். சேர்த்தால் தனியாகக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் சேர்த்துத் தனியாகக் காட்டுவதே மேல், படிப்பவர் தேடுவது அதைத்தான்.

இப்போது கணக்கு. ஒரு கருவி எல்லா மாதிரிக்கும் மிகச் சரியாக இரண்டு மடங்கு காட்டினாலும் ஒட்டுறவுக் கெழு 1 என்றே வரும். எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. என் 0.99 மதிப்பிழந்தது இதனால்தான்.

பாசிங், பாப்லோக் செய்தது வேறு. ஒரு கருவியின் விடை கிடை அச்சில், மற்றதன் விடை நிலை அச்சில், புள்ளிகளுக்கு ஒரு கோடு. இரண்டு இரண்டு மாதிரிகளாக இணைத்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு சாய்வு காண்பார்கள். 40 மாதிரிகள் என்றால் 780 இணைகள், 780 சாய்வுகள். அவற்றை வரிசைப்படுத்தி, சிறு திருத்தத்தோடு நடுவில் இருப்பதை எடுப்பார்கள். ஒன்றிரண்டு தறிகெட்ட மாதிரிகள் கோட்டைத் தம் பக்கம் இழுக்க முடியாது. சாய்வின் 95 சதவீத நம்பக இடைவெளிக்குள் 1 இருக்கிறதா, வெட்டின் (கோடு நிலை அச்சை வெட்டும் இடம்) இடைவெளிக்குள் 0 இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வில் 1 இல்லையென்றால் வித்தியாசம் அளவோடு சேர்ந்து வளர்கிறது. வெட்டில் 0 இல்லையென்றால் எல்லா அளவிலும் ஒரு நிலையான வித்தியாசம் இருக்கிறது.

கூடவே பிளாண்ட், ஆல்ட்மன் வரைபடம். 1986-இல் லான்செட்டில் வந்தது. கிடை அச்சில் இரண்டின் சராசரி, நிலை அச்சில் இரண்டின் வித்தியாசம். அவ்வளவுதான், எக்செல்லில் பத்து நிமிட வேலை. ஆனால் பார்வையாளரின் கண் உடனே சரியான இடத்துக்குப் போகும்.

வித்தியாசம் 0.2 என்று வந்தால் அது பெரிதா, சிறிதா? இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். 50 வயதுப் பெண் ஒருவர். நொதி முறையில் கிரியேட்டினின் 1.0. கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் சி.கே.டி. எபி 2021 சூத்திரத்தில் அவருடைய சிறுநீரக வடிகட்டும் வீதம் 69. யாஃபேயில் 1.2 என்று வந்தால் அதே பெண்ணுக்கு 55. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான எல்லைக்கோடு 60. அதே ரத்தம், ஒரு கருவியில் எல்லைக்கு மேல், இன்னொன்றில் கீழ். மூன்று மாதம் கழித்தும் அப்படியே வந்தால் நோயாளிப் பட்டம் கட்டிவிடுவார்கள். உங்கள் கட்டுரையின் உயிர் இந்தப் பத்தியில் இருக்கிறது. இதை எழுதாமல் சாய்வும் வெட்டும் மட்டும் கொடுத்தால் பாதிக் கட்டுரைதான்.

நோயைக் கண்டறியும் துல்லியம் பற்றிய ஆய்வாக இருந்தால், கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 30 அம்சங்கள் கொண்ட ஸ்டார்ட் 2015 பட்டியலை ஆய்வு தொடங்கும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பார்த்தால் விட்டுப்போனதைத் திரும்பப் பெற வழி இருக்காது.

எழுதுதல்

முறைப் பகுதியை வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். அட்டவணைகள் அடுத்து. முடிவுகள், விவாதம், முன்னுரை, கடைசியாகச் சுருக்கமும் தலைப்பும். முன்னுரையிலிருந்து தொடங்குபவர்கள் சிறுநீரகத்தின் பெருமையை இரண்டு பக்கம் எழுதிக் களைத்துப் போகிறார்கள்.

ரீஏஜென்ட் பெட்டியில் வரும் தாளை வரி மாறாமல் முறைப் பகுதியில் கொட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒற்றுமை கண்டறியும் மென்பொருளில் அது அப்படியே சிவப்பாக வரும். உங்கள் சொல்லில் சுருக்கி எழுதுங்கள். தயாரிப்பாளர் பெயர், கருவியின் மாடல் பெயர், கேலிப்ரேட்டர் (கருவியின் அளவைச் சரிசெய்யும் பொருள்) எந்தத் தரத்தோடு பிணைக்கப்பட்டது என்பவை மட்டும் பிசகக் கூடாது.

அலகுகளைக் கவனியுங்கள். நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றே பழகிவிட்டோம். ஐரோப்பிய இதழ்கள் பெரும்பாலும் எஸ்.ஐ. எனும் சர்வதேச அலகு கேட்கும். குளுக்கோஸை 18-ஆல் வகுத்தால் லிட்டருக்கு மில்லிமோல், கிரியேட்டினினை 88.4-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மைக்ரோமோல். கால்குலேட்டர் காட்டிய எல்லாத் தசமங்களையும் இறக்கிவைக்காதீர்கள். கருவி 1.03 என்று சொல்வதே சந்தேகமாக இருக்கும்போது 1.0347 எங்கிருந்து வந்தது?

எண்பது மாதிரிகளும் ஒரே ஒரு நல்ல கண்டுபிடிப்பும்தான் இருக்கின்றன என்றால் முழுக்கட்டுரையாக இழுக்க வேண்டாம். ஆசிரியருக்குக் கடிதம் என்ற வடிவம் இருக்கிறது. இந்தத் துறையில் கடிதம் என்றால் வெறும் கருத்து அல்ல. ஒரு அட்டவணை, ஒரு படத்தோடு உண்மையான தரவு வரும். முதல் தடவை அனுப்புபவருக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

பெயர்ப் பட்டியலும் அனுப்புதலும்

யார் பெயர் போடுவது என்பதில்தான் நட்பே முறியும். சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் நான்கு நிபந்தனைகள் தெளிவானவை. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் போட இந்த விதிகளில் இடமில்லை. நடைமுறை வேறு மாதிரி என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து நாளும் காலை ஆறு மணிக்கு வந்து கன்ட்ரோல் ஓட்டிய டெக்னாலஜிஸ்டின் பெயர் நன்றியுரையில் கூட இல்லாமல் போவதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. அவரை வரைவு படிக்கக் கூப்பிடுங்கள், திருத்தச் சொல்லுங்கள், இறுதி வடிவத்துக்கு ஒப்புதலும் பொறுப்பும் ஏற்கச் சொல்லுங்கள். நான்கு நிபந்தனையும் நிறைவேறிவிடும்.

இதழே உங்களைத் தேடி வந்து, 'மாண்புமிகு பேராசிரியரே, உங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம்' என்று மின்னஞ்சல் அனுப்பினால் அழித்துவிடுங்கள். 2013-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கட்டணம் வாங்குவதாலேயே ஒரு இதழ் போலி ஆகிவிடாது. நல்ல இதழ்களும் திறந்த அணுக்கத்துக்குக் கட்டணம் கேட்கின்றன. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமானவர்களா, எந்தச் சங்கத்தின் இதழ், பப்மெட்டில் அதன் பழைய கட்டுரைகள் கிடைக்கின்றனவா என்று அரை மணி நேரம் தேடினால் தெரிந்துவிடும்.

கட்டுரையோடு ஆசிரியருக்கு அனுப்பும் உறைக் கடிதம் அரைப் பக்கம் போதும். என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, இந்த இதழின் வாசகருக்கு இது ஏன் வேண்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் உதவியால் எழுதியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் வந்த பிறகு

'பெரிய திருத்தங்கள் தேவை' என்று வந்தால் இனிப்பு வாங்கிக் கொடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று பொருள். கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே உங்கள் பதிலையும், எந்தப் பக்கம், எந்த வரியில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மதிப்பாய்வாளர் தவறாகச் சொன்னால் மறுக்கலாம். மறுப்புக்கு மரியாதையும் தரவும் சேர்ந்தே வேண்டும். 'மாதிரிகள் எவ்வளவு நேரம் காத்திருந்தன?' என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். 'உடனடியாகப் பரிசோதிக்கப்பட்டன' என்று எழுதினால் அவர் நம்பமாட்டார். 'பெறப்பட்டதற்கும் பரிசோதனைக்கும் இடையே இடைநிலை (மீடியன்) நேரம் 48 நிமிடம், அதிகபட்சம் 110 நிமிடம். அட்டவணையில் சேர்த்திருக்கிறோம்' என்று எழுத முடிந்தால் அடுத்த கேள்வி வராது. அதற்கு முதல் நாளிலிருந்தே நேரம் குறித்திருக்க வேண்டும்.

மறுத்தே விட்டார்களா? அந்தக் கருத்துகளை வைத்துத் திருத்திவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். திருத்தாமல் அனுப்பாதீர்கள். இத்துறை சிறியது, அதே மதிப்பாய்வாளரிடமே போய் நிற்கும் வாய்ப்பு உண்டு.

அச்சுப் படி

ஏற்றுக்கொண்ட பிறகு பக்கம் வடிவமைத்துப் படி அனுப்புவார்கள். 48 மணி நேரம் போலக் கெடு இருக்கும். பெயர் எழுத்துகளைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று பதில் போடும் அவசரம் வரும். என் இரண்டாவது கட்டுரையில் நான் அப்படித்தான் செய்தேன். எழுத்துரு மாறியதில் மைக்ரோவைக் குறிக்கும் மியூ என்ற கிரேக்க எழுத்து, அட்டவணை முழுவதும் எம் ஆகிவிட்டிருந்தது. 88 மைக்ரோமோல் என்று நான் அளந்த கிரியேட்டினின் 88 மில்லிமோல் என்று வெளியானது. ஆயிரம் மடங்கு. எந்த மனிதரிடமும் இருக்க முடியாத கிரியேட்டினின் அது. முதலில் கவனித்தது எங்கள் லேப்பின் டெக்னாலஜிஸ்ட். கட்டுரை வெளியான மகிழ்ச்சியில் படியெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். அவர் அதன் முன் நின்று படித்துவிட்டு, என்னிடம் எதுவும் சொல்லாமல், அட்டவணையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.